தேன் விற்க வாட்ஸ்அப்: நோட்டீஸில் நம்பர் போட்டால் மட்டும் போதாது

ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விட்டதும் குமரி மாவட்டத்தில் தேன் சீசன் தொடங்கிவிடும். சில மாதத்தில் எடுத்த தேனை வருஷம் முழுக்க விற்க வேண்டும். பத்திருபது தேனீப் பெட்டி வைத்து வீட்டிலேயே பாட்டிலில் அடைத்து விற்பவர்களுக்கான செய்முறை இது; வியாபாரிகளுக்கென்று உள்ள 'வாட்ஸ்அப் பிசினஸ்' ஆப்பை வைத்துச் சொல்கிறேன். ஆப்பை எப்படி இறக்குவது என்பதில் தொடங்கப் போவதில்லை.

1. நம்பர்

ஏற்கெனவே சாதாரண வாட்ஸ்அப் ஓடும் உங்கள் சொந்த நம்பரில் தொடங்க வேண்டாம். ஒரே நம்பரைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் வாட்ஸ்அப் பிசினஸிலும் சேர்த்து ஓட்ட முடியாது. தனி சிம் வாங்குங்கள். வீட்டில் லேண்ட்லைன் இருந்தால் அதையே கொடுக்கலாம், பழைய வாடிக்கையாளருக்குத் தெரிந்த நம்பர் அதுதானே. மார்த்தாண்டம் பக்கம் என்றால் 04651-ல் முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு 4651 என்று தொடங்கி அடியுங்கள். ஆப் முதலில் எஸ்எம்எஸ் அனுப்பப் பார்க்கும், வராது. நேரம் ஓடி முடிந்ததும் 'அழைக்கவும்' என்று வருவதைத் தொட்டால் போன் அடித்து 6 இலக்க எண்ணைச் சொல்லும். பேனாவோடு பக்கத்தில் உட்காருங்கள்.

அடுத்த வேலை, செட்டிங்ஸில் இருபடிச் சரிபார்ப்பை (இரண்டாவதாக ஒரு ரகசிய எண்) போடுவது. "தப்பா உங்க நம்பருக்கு ஒரு 6 இலக்க ஓடிபி வந்திருக்கு, சொல்லுங்கண்ணே" என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. சொன்னால் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும்.

2. கேட்லாக்

கேட்லாக் என்பது ஆப்பிலேயே உங்கள் பொருள்களைப் படத்தோடு காட்டும் பட்டியல். படத்துக்கு லைட் செட் வேண்டாம். காலை வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரத்தில் பாட்டிலை வைத்து, வெளிச்சம் பின்னாலிருந்து வருகிற மாதிரி எடுத்தால் தேன் நிறம் தானாக எடுபடும். இரண்டாவது படம் லேபிள்: 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், அடைத்த தேதி, எடை, விலை எல்லாம் வாசிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

சண்டை வருவது எடையில்தான். 1 லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ இருக்கும். 1 கிலோ என்பது ஏறக்குறைய 700 மில்லி. லிட்டர் பாட்டிலில் கிலோ தேன் ஊற்றி அனுப்பினால், "பாட்டில் நிறையல்லியே" என்று போன் வரும். அதனால் கேட்லாக்கில் கிலோவும் மில்லியும் இரண்டையும் எழுதுங்கள்.

'சர்க்கரை நோய் குணமாகும்' என்று எழுதிவிடாதீர்கள். 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டப்படி அப்படி விளம்பரம் செய்வது குற்றம். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் உண்மை, ஆனால் அந்த முத்திரையை லேபிளில் அச்சடிக்க நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

3. பிராட்காஸ்ட் (எல்லாரும் சறுக்குவது இங்கேதான்)

ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 200 பேரைச் சேர்த்து, "புதுத் தேன் வந்தாச்சு" என்று ஒரு மெசேஜ் போடுகிறீர்கள். நான்கு பேர் பதில் போடுகிறார்கள். மற்றவர்களுக்கு ஆர்வமில்லை என்று விலையைக் குறைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் மெசேஜே போய்ச் சேர்ந்திருக்காது. உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்திருப்பவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போகும். ஸ்டேட்டஸும் இருவரும் ஒருவர் நம்பரை ஒருவர் வைத்திருந்தால்தான் தெரியும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் சேவ் செய்யாத 256 பேரைச் சேர்த்து என்ன பிரயோஜனம்?

அதனால் முதலில் 20 பேருக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரு மணி நேரம் கழித்து மெசேஜை அழுத்திப் பிடித்து 'தகவல்' பாருங்கள். 'படித்தது', 'சேர்ந்தது' இரண்டு பட்டியலிலும் யார் இல்லையோ, அவர்களில் போன் ஆஃப் ஆனவர்களைத் தவிர மற்றவர்கள் உங்களைச் சேவ் செய்யவில்லை. அவர்களிடம் தனியாகக் கேளுங்கள்.

இதைத் தானாக நடக்க வைக்க, ஆப் தானே அனுப்பும் 'வாழ்த்துச் செய்தி'யைப் பயன்படுத்துங்கள். முதல்முறை மெசேஜ் போடுகிறவருக்கும், 14 நாள் பேச்சு இல்லாமல் இருந்து திரும்ப வருகிறவருக்கும் அது போகும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். இந்த நம்பரை 'மார்த்தாண்டம் தேன்' என்று சேவ் செய்துகொள்ளுங்கள், புதுத் தேன் எடுத்ததும் சொல்கிறோம். தகவல் வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று அனுப்பினால் போதும்."

'வேண்டாம்' வரி முக்கியம். அது இல்லையென்றால் எரிச்சலில் பிளாக் செய்வார்கள். பிளாக்கும் புகாரும் கூடினால் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

4. பழைய வழிகளை விட்டுவிடாதீர்கள், வேலையை மாற்றுங்கள்

பேப்பருக்குள் வைத்து விடும் நோட்டீஸ் முன்பு தேனை விற்றது. இப்போது அதன் வேலை உங்கள் நம்பரை ஒருவர் போனில் ஏற்றுவது, அவ்வளவே. ஏ5 தாளில் பாதி இடத்தை, ஸ்கேன் செய்தால் உங்கள் வாட்ஸ்அப் திறக்கும் கியூஆருக்குக் கொடுங்கள். வெள்ளையில் கறுப்பு, குறைந்தது 2.5 செ.மீ., சுற்றிலும் வெற்றிடம். பளபளப்புத் தாளை நான் சிபாரிசு செய்யமாட்டேன், டியூப்லைட் வெளிச்சம் பட்டால் சில நேரம் ஸ்கேன் ஆகாது.

ரேடியோ வேறு ஜாதி. 1984 முதல் நாகர்கோவில் வானொலி இங்கே இருக்கிறது. வேலை செய்துகொண்டே கேட்பவர் கையில் ரப்பர் கத்தியோ முந்திரிக் கொட்டையோ இருக்கும், பேனா இருக்காது. விளம்பரத்தில் பத்து இலக்கத்தை வேகமாகச் சொல்வது வீண். 'மார்த்தாண்டம் மேம்பாலத்தின் பம்மம் பக்கம்' என்கிற மாதிரி அடையாளம் சொல்லுங்கள். நம்பரை இரண்டு முறை, நிறுத்தி நிறுத்தி.

எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் கொடுங்கள். நோட்டீஸில் "'தளிர்' என்று அனுப்புங்கள்", ரேடியோவில் 'ரப்பர்', கோயில் திருவிழா மலரில் 'மலர்'. மெசேஜ் வந்ததும் ஆப்பில் அந்த உரையாடலுக்கு அதே பெயரில் லேபிள் (அடையாளக் குறி) போடுங்கள் (20 லேபிள் வரை கிடைக்கும்). இரண்டு மாதம் கழித்து எண்ணினால் அடுத்த சீசனில் காசை எங்கே போடுவது என்று புரியும். இன்ஸ்டாகிராம் அதற்குப் பிறகு. நூறு பேர் நம்பரைச் சேவ் செய்யும் முன் ரீல்ஸுக்கு உட்கார்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வ்லாகருக்குக் காசு கொடுத்தால் 'கட்டண விளம்பரம்' என்று போடச் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை 1: "தேன் உறைஞ்சு போச்சு, சீனிப்பாகா?" என்பதுதான் அதிகம் வரும் கேள்வி. ரப்பர் தேனில் குளுக்கோஸ் கூடுதல், அதனால் சீக்கிரம் உறையும். இதற்கு 'விரைவு பதிலாக' (ஆப்பில் முன்பே சேமித்து வைக்கும் பதில்) 30 நொடி வீடியோ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: உறைந்த பாட்டிலை, கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரில் நிறுத்தி, கரைவதை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டுங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம் என்று வீடியோவிலேயே சொல்லிவிடுங்கள்.

பிற்சேர்க்கை 2: நோட்டீஸ் அச்சடித்த பிறகு ஆப்பில் கியூஆர் பக்கத்தில் 'மீட்டமை' என்பதைத் தொடாதீர்கள். பழைய கியூஆர் அந்த நொடியே செத்துவிடும், ஊர் முழுக்கப் போன தாள் எதுவும் வேலை செய்யாது. ஏற்கெனவே தொட்டுவிட்டவர்கள் மீதி நோட்டீஸில் கியூஆர் மேல் புதிய ஸ்டிக்கர் ஒட்டலாம். கீழே அச்சிட்ட நம்பர் எப்போதும்போல வேலை செய்யும்.