கணவாய் இனங்களை உடலமைப்பால் பிரித்தறிவது எப்படி

உடலுக்குள் ஓடு கொண்ட கடலுயிரிகளான ஓட்டுக் கணவாய்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நிறத்தை மட்டும் நம்பி அவற்றைப் பிரிக்க முயல்வோர் எளிதில் ஏமாறுவார்கள். தோலிலுள்ள நிறமிப் பைகள் விரிந்து சுருங்குவதால் ஒரே கணவாய் நொடிப்பொழுதில் வெளிறும், கறுக்கும். இறந்த பிறகோ உடற்கோலமே மங்கிவிடும். ஆகவே மாறாத உறுப்புகளிலிருந்து தொடங்குவதே சரி: முதலில் ஓடு, அடுத்து பற்றுக்கைகளின் நுனி, கடைசியாகத்தான் நிறம்.

கையிலிருப்பது ஓட்டுக் கணவாய்தானா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். முதுகை அழுத்தினால் உள்ளே கெட்டியான ஓடு தட்டுப்பட வேண்டும். ஊசிக் கணவாயில் இருப்பது வளையக்கூடிய மெல்லிய தகடு மட்டுமே. ஓட்டுக் கணவாயின் குறுகிய துடுப்புகள் உடலின் இரு பக்கங்களிலும் ஏறத்தாழ முழு நீளத்துக்கும் ஓடி, பின்முனையில் ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். தலையையும் கைகளையும் விட்டுவிட்டு, முதுகுப் பக்கம் உடலின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஓடு. முதுகுத் தோலை நடுவாக மெல்லக் கீறி, முறியாதபடி அதை வெளியே எடுக்க வேண்டும். கடல்நுரை என்று பலரும் அறிந்த இந்த ஓட்டின் பின்முனையை விரலால் தடவிப் பார்த்தாலே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) குறித்த நல்ல தடயம் கிடைக்கும். செபியா பேரினத்தின் பெரும்பாலான இனங்களில் அங்கே கூரிய முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்; செபியெல்லா பேரினத்தில் அது இல்லை. ஆனால் முள் எளிதில் உடைந்துவிடும் என்பதால், முனை வழவழப்பாக இருக்கிறதா, சொரசொரப்பான முறிவுத் தழும்பு இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். ஐயம் எழுந்தால் செபியெல்லாவுக்கு இன்னொரு சான்றும் உண்டு: உடலின் பின்முனையில், இரு துடுப்புகளுக்கும் நடுவே, ஒரு சுரப்பித் துளை இருக்கும். ஒளிர்நிறக் கணவாயான மெட்டாசெபியா ஃபெஃபெரியின் ஓடு சாய்சதுர வடிவில் இருப்பதோடு, உடலின் முழு நீளத்தையும் எட்டாமல் முன்பகுதியோடு நின்றுவிடும்.

இன அளவில் பிரிப்பதற்குப் பற்றுக்கைகளே பெரிதும் உதவும். மற்ற எட்டுக் கைகளைவிட நீளமான இந்த இரண்டும் மூன்றாம், நான்காம் இணைக் கைகளுக்கு இடையிலுள்ள பைகளுக்குள் சுருங்கியிருக்கும். இடுக்கியால் பதமாக வெளியே இழுத்து, நுனியிலுள்ள அகன்ற பகுதியை நீரில் விரித்துப் பாருங்கள். செபியா ஃபாராவோனிஸ் இனத்தில் நடு வரிசைகளிலுள்ள சில உறிஞ்சிகள் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகப் பெரியவை. செபியா அகுலியாட்டாவிலோ ஏறத்தாழ ஒரே அளவுள்ள சிறு உறிஞ்சிகள் குறுக்கு வரிசைக்குப் பத்து அல்லது அதற்கு மேல் நெருங்கியிருக்கும். வெளித்தோற்றத்தில் குழப்பும் இவ்விரண்டையும் பிரிக்க இதைவிட நம்பகமான வெளியடையாளத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆணா பெண்ணா என்பதையும் பாருங்கள். ஆண் செபியாவில் வயிற்றுப்பக்கத்து இடக்கையின் ஒரு பகுதியில் உறிஞ்சிகள் சிறுத்து உருமாறியிருக்கும். நிறத்தை மதிப்பிடும்போது இது முக்கியம். செபியா ஃபாராவோனிஸின் வரிக்குதிரை போன்ற குறுக்குக் கோடுகள் ஆண்களில்தான் எடுப்பாகத் தெரியும்.

தோல் மடிப்புகள் சில இனங்களில் நல்ல அடையாளம். தென் ஆஸ்திரேலியக் கடல்களில் வாழும் செபியா அபாமாவுக்கு ஒவ்வொரு கண்ணின் பின்புறமும் தட்டையான மூன்று மடிப்புகள் உண்டு. உடல் மட்டுமே 50 செ.மீ. வரை வளரும் ராட்சதக் கணவாய் அது.

கரையில் ஒதுங்கிய ஓடு மட்டும் கிடைத்தால் இனத்தை ஊகிக்கலாம், ஆனால் அந்த இனம் அக்கடலில் வாழ்கிறது என்று பதிவு செய்யாதீர்கள். காற்றறைகள் நிறைந்த ஓடு வெகுதூரம் மிதந்து வரக்கூடியது. பெயரைச் சரிபார்க்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அண்மை வகைப்பாட்டில் செபியா பேரினத்திலிருந்து பல இனங்கள் பிரிக்கப்பட்டுள்ளதால், செபியா ஃபாராவோனிஸை அகாந்தோசெபியான் ஃபாராவோனிஸ் என்ற பெயரிலும் தேடிப் பாருங்கள்.