கொறங்காடு பார்க்கும் வேலை: புல்லை அளப்பது, பிள்ளைகளை அழைத்துப்போவது

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காட்டைக் கொறங்காடு என்பார்கள். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேலம், சுற்றிலும் முள்கிளுவை. இந்தக் காடுகளைப் பராமரிக்கவும், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்ச் சொல்லித்தரவும் வர நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. வேளாண்மை, கால்நடை, வனவியல் படிப்பு ஏதாவது இருந்தால் அறக்கட்டளைகளில் வேலை கேட்கும்போது கைகொடுக்கும். காட்டுக்காரர் கேட்பது வேறு: “இந்தக் காட்டில் எத்தனை மாட்டை எத்தனை நாள் விடலாம்?” இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் மற்றதைக் கற்றுப் பயனில்லை.

புல் கணக்கு

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கம்பிச் சட்டம், அரிவாள், தராசு போதும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நடந்து, பத்து இடங்களில் சட்டத்தை வையுங்கள். எத்தனை அடிக்கு ஒன்று என்பதை நடக்கும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கை தானாகவே நல்ல புல் இருக்கும் பக்கம் போகும். கணக்கு ஏறிவிடும், காடு மொட்டையாகிவிடும். சட்டத்துக்குள் உள்ள புல்லைத் தரையை ஒட்டி அறுத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காயவைத்து நிறுங்கள்.

சராசரி கிராமை நான்கால் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று வரும். 120 கிராம் என்றால் ஏக்கருக்கு 480 கிலோ. நாலு ஏக்கர் காட்டில் 1,920 கிலோ. பாதியை நிலத்துக்கு விட்டுவிட்டால் மேய்ச்சலுக்கு 960 கிலோ. 300 கிலோ எடையுள்ள மாடு நாளுக்கு ஏறக்குறைய 7.5 கிலோ உலர்புல் தின்னும். ஆக ஒரு மாட்டுக்கு 128 நாள், நான்கு மாட்டுக்கு 32 நாள். 25 கிலோ செம்மறிக்கு நாளுக்கு முக்கால் கிலோ, அதாவது பத்து செம்மறி ஒரு மாட்டுக்குச் சமம்.

பாதியை விடுவது தாராள குணத்தால் அல்ல. இலை முழுதும் போனால் வேரும் சுருங்கும். அடுத்த மழைக்குத் தூர் துளிர்க்கப் பலம் இருக்காது. அந்த வெற்றிடத்தில் பார்த்தீனியம் வந்து உட்காரும். புல் பத்து சென்டிமீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு விரற்கடைக்கு இறங்கியதும், கணக்கில் நாள் மீதி இருந்தாலும் மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்றுங்கள்.

மாடும் எருமையும் முதலில், செம்மறி பிறகு. மாடு நாக்கால் சுற்றி இழுத்து மேல்புல்லை எடுக்கும். செம்மறி தரையோடு கடிக்கும். முதலிலேயே செம்மறியை விட்டால் மாட்டுக்கு எதுவும் மிஞ்சாது. வெள்ளாட்டைப் புதுவேலி உள்ள காட்டில் விடவே வேண்டாம்.

ஐப்பசி மழையில் புல் துளிர்த்தவுடன் படலைத் திறக்கும் அவசரம்தான் பெரிய கேடு. புல் கதிர் விட்டு விதை உதிரும்வரை ஒரு பகுதியையாவது மூடி வையுங்கள். தேய்ந்துபோன இடத்தில் விதைக்க ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதை வேண்டும். புது விதை உறக்கத்தில் இருக்கும், சரியாக முளைக்காது. போன பருவத்து விதையை எடுங்கள். பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு காற்றில் பறப்பதால் ஈரமணலோடு கலந்து தூவி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீமைக்கருவேலத்தைக் கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். அதன் காயைத் தின்ற ஆடுமாடுகள் சாணத்தில் விதையைக் கொண்டுவரும் என்பதால், வெளியிலிருந்து வாங்கிய கால்நடையை ஒரு வாரம் கட்டுத்தரையில் வைத்துத் தீவனம் போட்டபின் உள்ளே விடுங்கள்.

கிளுவைப் போத்தை, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டை, இலையில்லாத கோடையிலேயே வெட்டி, மழைக்கு முன் நெருக்கமாக நட வேண்டும். தண்ணீர் நின்றால் அடி அழுகிவிடும். வேலியில் விழுந்த இடைவெளியை, புதுப் போத்து வேர்பிடிக்கும்வரை வேலமுள் வைத்து அடையுங்கள். ஒருமுறை ஆடு நுழைந்த வழி அப்புறம் தடமாகிவிடும்.

பிள்ளைகள் வரும் நாள்

மார்கழி, தை மாதங்களில் காலை ஏழு முதல் ஒன்பது வரை. இருபது பேருக்கு மேல் வேண்டாம், இரண்டு பெரியவர்கள் உடன் இருக்கட்டும். முள்ளுக்குச் செருப்பு போதாது, மூடிய காலணி கட்டாயம். மந்தையை முந்தின நாள் சாயங்காலமே வேறு காட்டுக்கு ஓட்டிவிடுங்கள். கன்று ஈன்ற பசு பிள்ளைகள் ஓடினால் முட்ட வரும். வேலி அடியில் கையை நுழைக்கக் கூடாது, விரியன் படுத்திருக்கும். பாம்புக்கடி மருந்து உள்ள அரசு மருத்துவமனை எது என்று முன்பே விசாரித்து வையுங்கள்.

பேச்சைக் குறையுங்கள். நீங்கள் புல் அளந்த அதே சட்டத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, உள்ளே எத்தனை வகைச் செடி என்று எண்ணச் சொல்லலாம். அதைவிட நன்றாக எடுபடுவது தண்ணீர்ச் சோதனை. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள, இரு பக்கமும் திறந்த தகர டப்பாவை நாலைந்து சென்டிமீட்டர் ஆழம் மண்ணில் இறக்கி, 450 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். அது ஏறக்குறைய ஒரு அங்குல மழைக்குச் சமம். மண் உறிஞ்ச எத்தனை நிமிடம் ஆகிறது என்று பிள்ளைகளே குறிக்கட்டும். புல் தூர் ஓரம் ஒன்று, மாடு மிதித்து இறுகிய படல் வாசலில் ஒன்று, வெள்வேல நிழலில் ஒன்று. எது முந்தும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வாக்குவாதம் தானாக நடக்கும். டப்பா ஓரத்தில் தண்ணீர் கசிந்தால் கணக்கு தப்பு, மண்ணை விரலால் அழுத்தி அடைத்து மறுபடி செய்யுங்கள். முந்தின இரவு மழை பெய்திருந்தால் இதை விட்டுவிட்டு, சாண வண்டு தேடப் போகலாம். இரண்டு நாள் பழைய சாணத்தைக் குச்சியால் பிரித்தால் போதும்.

வேலைக்குச் சம்மதிக்கும் முன்

குத்தகைக் காடு என்றால் கவனம். வருடத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டியவர் கடைசிப் புல்வரை மேய்க்கத்தான் பார்ப்பார். நீங்கள் தடுத்தால் உங்களோடு சண்டை. புல் எத்தனை சென்டிமீட்டரில் மாடு வெளியேற வேண்டும், அதை யார் அளப்பது, கோடையில் உதிரும் வெள்வேலங்காய் யாருக்கு, பள்ளிப் பிள்ளைகள் வரும் நாளில் காடு யார் பொறுப்பு: இந்த நான்கையும் குத்தகைத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். உரிமையாளர், குத்தகைதாரர் இருவரும் கையெழுத்துப் போட்டபின் சம்பளம் பேசுங்கள்.