கமடோர் 64-க்கு மாதிரி நிரல்: எந்த மொழியில் எழுதலாம்?

பேசிக்கா, அசெம்பிளியா, சி-யா? பழைய வீட்டுக் கணினிக்கு நிரல் எழுதிக் காட்ட உட்கார்ந்ததுமே இந்தக் கேள்வி வந்துவிடும். படிப்பவர் வேறு எதையும் ஏற்றாமல், பார்த்துத் தட்டி உடனே ஓட்டக்கூடிய மொழிதான் முதல் தேர்வு என்பேன். 1982-இல் வந்த கமடோர் 64-இல் செய்து பார்ப்போம். கணினி இல்லையென்றால் வைஸ் என்ற இலவச எமுலேட்டர் (இன்றைய கணினியில் பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) போதும். கீழே கட்டளைகளை ஒலிபெயர்த்திருக்கிறேன். ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: ஆன் செய்யுங்கள். நீலத் திரையில் 38911 பைட் காலி என்று காட்டி, ‘ரெடி’ என்று நிற்கும். பேசிக் ஏற்கெனவே ரோமில், அதாவது கணினியின் நிரந்தர நினைவகத்தில், இருக்கிறது. அதனால் பேசிக்கில் தொடங்குவோம்.

படி 2: இதைத் தட்டி ‘ரன்’ கொடுங்கள்.

10 போக் 53280,0
20 போக் 53280,1
30 கோட்டூ 10

போக் (POKE) என்றால் நினைவக முகவரி ஒன்றில் ஓர் எண்ணை வை என்று பொருள். 53280 என்பது திரை ஓரத்தின் நிறத்துக்கான முகவரி. 0 கறுப்பு, 1 வெள்ளை. ஓரத்தில் தடித்த பட்டைகள் ஓடும். பட்டை ஏன் இவ்வளவு தடிமன்? பேசிக் ஒவ்வொரு வரியையும் ஓடும்போதே படித்துப் புரிந்துகொள்கிறது; அதற்குள் திரையில் பல கோடுகள் வரைந்து முடிந்துவிடுகின்றன. ரன்/ஸ்டாப் விசையை அழுத்தி நிறுத்துங்கள்.

படி 3: ‘நியூ’ கொடுத்துவிட்டு, இயந்திர மொழிக்கு, அதாவது செயலி நேரடியாகப் புரிந்துகொள்ளும் எண்களுக்கு, வாருங்கள். அசெம்பிளி என்பது இதே எண்களைச் சொற்களாக எழுதும் முறை.

10 ஃபார் ஐ=0 டு 5
20 ரீட் ஏ: போக் 49152+ஐ,ஏ
30 நெக்ஸ்ட்
40 சிஸ் 49152
50 டேட்டா 238,32,208,76,0,192

டேட்டா வரியின் எண்களை 49152 முதல் நினைவகத்தில் வைத்துவிட்டு, சிஸ் (SYS) அங்கிருந்து ஓட்டுகிறது. ஆறே எண்கள்! 238 என்றால் ‘அந்த முகவரியில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டு’. அடுத்து வரும் 32, 208 அந்த முகவரி. சின்ன பாதி முதலில் வரும். 208×256+32 போட்டுப் பாருங்கள், அதே 53280. 76 என்றால் ‘தாவு’. 0, 192 சேர்ந்தால் 49152, அதாவது தொடங்கிய இடம். ஒரு சுற்றுக்குச் செயலியின் 9 சுழற்சிகள் (கடிகாரத் துடிப்புகள்)தான். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான கணினியில் திரையின் ஒரு கோட்டுக்கு 63 சுழற்சிகள் என்பதால், ஒரே கோட்டுக்குள் நிறம் ஏழு முறை மாறுகிறது. முதல் தடவை பார்க்கும்போது எனக்குச் சிலிர்த்துவிட்டது. இதை நிறுத்த ரன்/ஸ்டாப், ரெஸ்டோர் இரண்டையும் சேர்த்துத் தட்டுங்கள்.

ஆக, வேகத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் இயந்திர மொழி போதும். அதையும் இப்படி பேசிக்குக்குள் டேட்டா வரியாக வைத்துக் கொடுத்தால், புதியவர் அசெம்பிளர் (அசெம்பிளியை எண்களாக மாற்றும் நிரல்) தேடி அலைய வேண்டாம். சி மொழிக்கு சிசி65 என்ற தொகுப்பி இருக்கிறது. ஆனால் இன்றைய கணினியில் தொகுத்து, அப்புறம்தான் கமடோருக்கு மாற்ற வேண்டும். முதல் பாடத்துக்கு அது வேண்டாம்.

படி 4: எந்தக் கணினிக்கான பேசிக் என்பதை நிரலின் மேலேயே எழுதுங்கள். ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு பழைய வீட்டுக் கணினியில் மாறிக்கு மதிப்புக் கொடுக்க ‘லெட்’ கட்டாயம், கமடோரில் தேவையில்லை. ஸ்பெக்ட்ரமில் திரையைத் துடைக்க ‘சிஎல்எஸ்’ உண்டு. கமடோரில் எழுத்துக்குறி 147-ஐ அச்சிட வேண்டும். பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினியை வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம்: அதன் பேசிக்கிலேயே அசெம்பிளர் இருக்கிறது, எண்களாக மாற்றாமல் அசெம்பிளியை அப்படியே எழுதலாம்.