மர அலமாரியில் கீறலா, சின்னப் பள்ளமா? நீங்களே சரிசெய்யலாம்

அலமாரிக் கதவில் பூட்டுக்குக் கீழே பாருங்கள். சாவிக்கொத்து ஆடி ஆடி உரசியதில் அரைவட்டமாக வெள்ளைக் கோடுகள் விழுந்திருக்கும். கீழ் மூலையில் ஏதாவது இடித்து ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். இதற்கெல்லாம் பாலிஷ்காரரைத் தேட வேண்டாம். ஆனால் எடுத்த எடுப்பில் உப்புத்தாளைத் தொடாதீர்கள். வீட்டில் செய்து கெடுப்பவை பெரும்பாலும் அதனால்தான் கெடுகின்றன.

1. எந்த வகை என்று பாருங்கள்

கதவைத் திறந்து விளிம்பைக் கவனியுங்கள். முகப்பில் ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் முழு மரம். விளிம்பில் தனிப்பட்டை ஒட்டியிருந்தால் உள்ளே பிளைவுட், மேலே வெனீர் அல்லது சன்மைக்கா. வெனீர் நிஜ மரம்தான், ஆனால் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அழுத்தித் தேய்த்தால் பிளைவுட் பல்லிளிக்கும். சன்மைக்காவைத் தேய்க்கவே கூடாது. அதில் தெரியும் ரேகை காகிதத்தில் அச்சடித்தது. அதே நிற மெழுகுக் குச்சியால் கீறலை அடைத்துத் துடைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

2. துடையுங்கள், தடவிப் பாருங்கள்

பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்துக் காயவிடுங்கள். சமையலறை அலமாரி என்றால் இரண்டு முறை. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எதுவும் ஒட்டாது.

அப்புறம் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். சிக்காவிட்டால் அடி பட்டது பாலிஷுக்கு மட்டும். அடுத்து ஈர விரலால் தடவுங்கள். கீறல் மறைந்தால் நிறமில்லாத பாலிஷே போதும். வெளுப்பாகவே நின்றால் நிறமும் கொடுக்க வேண்டும்.

3. மெல்லிய கீறல்

மறைவான ஓர் இடத்தில், ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்து எடுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். உங்களுக்கு வேலை சுலபம்: புது அரக்கு பழைய அரக்கைக் கரைத்து அதோடு கலந்துவிடும். மெல்லிய தூரிகையால் கீறலுக்குள் மட்டும் தடவி, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. மழை நாளில் வேண்டாம், ஈரம் பிடித்து வெள்ளையாகப் பூத்துவிடும். பக்கத்தில் அடுப்பும் எரியக் கூடாது. ஸ்பிரிட் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

பிசுபிசுக்காவிட்டால் மெழுகு பாலிஷை ரேகை வாக்கில் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் தடவினாலும் மறையும், ஆனால் நாலு நாள்தான். அதில் தூசி ஒட்டும், பின்னால் பாலிஷ் போட நினைத்தாலும் பிடிக்காது.

4. பள்ளம்

மரம் பெயராமல் அமுங்கி மட்டும் இருக்கிறதா? முழு மரமானால், பள்ளத்தை அடைக்கும் பட்டி தேவையில்லை. ஈரத்துணியைப் பள்ளத்தின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சில நொடி தொட்டுத் தொட்டு எடுங்கள். ஆவி ஏறி, நசுங்கிய நார் உப்பி எழும். அந்த இடத்துப் பாலிஷ் வெளுக்கலாம், பிறகு அங்கே மட்டும் பாலிஷ் பூசிக்கொள்ளலாம். வெனீரில் இதைச் செய்தால் பசை இளகிவிடும்.

சில்லு பெயர்ந்திருந்தால் மர பட்டிதான். மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பசை ஏறிய இடம் நிறத்தை உறிஞ்சாது, திட்டாகவே நிற்கும். தேக்கு நிறப் பட்டியை வாங்கி, காய்ந்தால் சுருங்கும் என்பதால் சற்று மேடாக அடையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் 220, பிறகு 320 எண் உப்புத்தாளால் பட்டியின் மேல் மட்டும், ரேகை வாக்கில் தேயுங்கள். நிறம் சந்தேகமாக இருந்தால் ஒரு சாயல் அடர்த்தியானதையே எடுங்கள். மரத்தில் கரும்புள்ளி கணுவென்று தோன்றும், வெளிர்புள்ளி ஒட்டு என்று காட்டிக்கொடுக்கும்.

இப்போது ஒரு சின்ன வேலை. பட்டிக்கு இரு புறமும் ஓடும் ரேகைகளை, கூரான பழுப்புப் பென்சிலால் பட்டியின் மேல் நீட்டி இணைத்துவிட்டு, விரலால் லேசாகத் தேய்த்து மங்கலாக்குங்கள். அதற்கு மேல் பாலிஷ்.

பள்ளத்தைச் சுத்தம் செய்யும்போது மாவு போலத் தூள் கொட்டிக்கொண்டே இருந்தால் நிறுத்திவிடுங்கள். அது உளுத்த மரம். பூச்சிக்கு மருந்து வைத்த பிறகுதான் பட்டி.