மணாலி – லே சைக்கிள் பயணம்: துணை வண்டியை எப்படிப் பயன்படுத்துவது?

இந்தப் பாதையில் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த சைக்கிள் வாங்கலாம் என்பதுதான். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 34 பல்லாவது இருக்கட்டும். முன்னால் உள்ள சின்னது அதைவிடப் பெரிதாக வேண்டாம். டயர் 40 மி.மீ. அகலத்துக்குக் குறையாதிருக்கட்டும். இவை போதும். பயணம் அமைவதும் கெடுவதும் கூட வரும் வண்டியால்தான்.

படி 1: வண்டி

சீசன் ஜூன் முதல் செப்டம்பர் வரை. மணாலியிலேயே, அந்தச் சாலையில் பழகிய ஓட்டுநரோடு வாடகைக்கு எடுங்கள். மூன்று நான்கு பேர் என்றால் என் ஓட்டு பொலேரோவுக்கு. டெம்போ டிராவலர் வசதிதான். ஆனால் பனி உருகிச் சாலையின் குறுக்கே பாயும் ஓடைகளில், தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் வண்டியே நிம்மதி. வழியில் டாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்ற பிரபலமான பலகை உண்டு. உங்கள் வண்டி முன்னும் பின்னும் ஓடப்போகிறது, ஆகவே கேனிலும் டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைக் கழற்றி சைக்கிளை ஏற்றினால், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கின் இரு பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகிவிடுங்கள். வழியில் யாராவது பிரேக் பிடியை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது.

படி 2: மேலே மிதி, கீழே உறங்கு

துணை வண்டி இருப்பதன் முழுப் பலனும் இங்கேதான். பலர் அதை மூட்டை சுமக்க மட்டுமே வைத்துக்கொள்கிறார்கள். உயரம் பழகாமல் உடம்பு கெடாதிருக்க, 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. இந்தச் சாலை அதற்கு ஒத்துழைக்காது. ஜிஸ்பா ஏறத்தாழ 3,200 மீட்டர். பாரலாச்சா லா கணவாயைத் தாண்டி வரும் சர்ச்சுவோ 4,300.

ஆகவே ஜிஸ்பாவில் கூடுதலாகத் தங்குங்கள். காலையில் தார்ச்சா வழியாகப் பட்சேயோ வரை மிதித்து ஏறுங்கள். அங்கே கிலோமீட்டர் கல்லைக் குறித்துக்கொண்டு, சைக்கிளை வண்டியில் ஏற்றி ஜிஸ்பாவுக்கே திரும்பி உறங்குங்கள். மறுநாள் அதே கல்லருகே இறங்கித் தொடருங்கள். ஓர் அடிகூட விட்டுப்போகாது. ஏமாற்று என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அடுத்த இரவு பாரலாச்சாவுக்கு முன்னால் உள்ள ஜிங்ஜிங்பார், அதன் பிறகுதான் சர்ச்சு.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் நிலத்தின் அமைப்பு. சர்ச்சுவில் உடம்பு கெட்டால் கீழே இறங்க வழி எங்கே? பின்னால் 4,890 மீட்டர் பாரலாச்சா. சர்ச்சுவுக்கு அடுத்து வரும் பாங் முகாமில் கெட்டால் பின்னால் லாச்சுலுங் லா, முன்னால் தங்லாங் லா, இரண்டும் 5,000 மீட்டருக்கு மேல். ஏறாமல் இறங்க முடியாது. தலைவலியோடு வாந்தியும் இருந்தால் மேலே போகாதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, எந்த நேரமானாலும் வண்டியில் ஏற்றித் தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் வழித்துணை மட்டுமே. உயரம் பழக உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 3: எங்கே சந்திப்பது?

வண்டி பின்னாலேயே ஊர்ந்து வர வேண்டும் என்று நினைக்காதீர்கள். லாரிகளுக்கு இடைஞ்சல், உங்களுக்கு டீசல் புகை. முன்னால் போய்க் காத்திருக்கட்டும்: ஏற்றத்தில் பத்துக் கிலோமீட்டர், சமவெளியில் இருபது.

தார்ச்சாவைத் தாண்டினால் நெடுந்தூரத்துக்கு செல்பேசியை நம்ப முடியாது. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் எங்குமே உதவாது. அதனால் சந்திக்கும் இடத்தை ஊர்ப்பெயரால் சொல்லக் கூடாது. சர்ச்சு என்பது ஒற்றை ஊரல்ல. கூடார முகாம்கள் கிலோமீட்டர் கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. 'சர்ச்சுவில் பார்ப்போம்' என்று பிரிந்ததால், எங்கள் குழுவில் பாதிப் பேர் ஒரு முகாமிலும் கம்பளிகள் எல்லாம் இன்னொன்றிலுமாக ஓர் அந்தி கழிந்தது. பாலம், கணவாய் உச்சி, கல்லின் எண் என்று சொல்லுங்கள். சர்ச்சுவைத் தாண்டி வரும் காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளில், அடியில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை.

குறித்த நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் கடந்தும் யாராவது வராவிட்டால், வண்டி வந்த வழியே திரும்பித் தேட வேண்டும். காத்திருப்பவர் நகரக் கூடாது. காற்றுத் தடுப்பு மேலாடை, கையுறை, உதிரி டியூப், பம்ப், இரண்டு லிட்டர் தண்ணீர் ஆகியவை எப்போதும் உங்கள் சைக்கிளில்தான். வண்டியில் இருப்பது கையில் இருப்பதாகாது.

படி 4: விடிந்ததும் கிளம்புங்கள்

வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகள் பெருகும். காலையில் கணுக்கால் நனையும் இடத்தில் பிற்பகலில் முழங்கால் வரை ஓடும். பாங்கைத் தாண்டி வரும் மோரே சமவெளியில் பிற்பகல் எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

பிற்சேர்க்கை: மணாலிக்கு அடுத்த ரோதாங் கணவாயில் ஏறாமலே கடக்க உதவும் அடல் சுரங்கப்பாதை 2020இல் திறந்தபின், ரோதாங் எதற்கு என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். உடம்பைப் பழக்கத்தான். 3,978 மீட்டர் வரை ஏறி, மறுபக்கம் இறங்கி உறங்கலாம். ஆனால் மோட்டார் வண்டி ரோதாங் ஏற அனுமதிச்சீட்டு வேண்டும். அது கிடைக்காவிட்டால், வண்டி சுரங்கம் வழியாகப் போய், கணவாயின் மறுபக்க அடிவாரத்தில் உள்ள கோக்சரில் நிற்கட்டும். அன்றைக்கு மட்டும் உணவையும் மழைச்சட்டையையும் நீங்களே முதுகில் சுமக்க வேண்டியிருக்கும்.