உச்சிவெயில் நிழலை அளப்பது எப்படி? (சென்னைக்கு)

மொட்டை மாடியில் மட்டமான இடம் பார்த்து 100 செ.மீ. கம்பியை நிறுத்துங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். 1 பாகை சாய்ந்தாலே நிழல் நுனி கிட்டத்தட்ட 2 செ.மீ. தள்ளிப்போகும்.

கடிகாரத்தின் 12 மணியை நம்பாதீர்கள். 11.45 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாக்பீஸால் குறியுங்கள்; மிகக் குட்டையான நிழலே உச்சிப்பொழுது. நுனி மங்கலாகத்தான் தெரியும், மங்கலின் நடுவைக் குறித்தால் போதும்.

டிசம்பர் 21இல் வடக்கே 74 செ.மீ., மார்ச் 20இல் 23. ஏப்ரல் 24 வாக்கில் கம்பிக்கு நிழலே இருக்காது! ஜூன் 21இல் தெற்கே 18 செ.மீ. விழும்.

நிழல் இப்படி மாறக் காரணம், பூமியின் 23.4 பாகை சாய்ந்த அச்சு ஆண்டு முழுதும் ஒரே திசையை நோக்கியே இருப்பது. சூரியனின் தூரம் காரணம் அல்ல, மார்கழிக் குளிரில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகே போகிறது.