நாய் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா? நாம் செய்யும் தவறுகள்

வெளிர்நிற நாயின் விரலிடுக்குகளில் துரு ஏறியதுபோல் பழுப்பு நிறம் தெரிந்தால், மண்கறை என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுகிறோம். பெரும்பாலும் அது மண் இல்லை, எச்சில். உமிழ்நீரில் உள்ள போர்ஃபிரின் என்ற நிறமி நாள்தோறும் ஒரே இடத்தில் படிந்து முடியின் நிறத்தையே மாற்றிவிடும். நாம் கவனிக்காத நேரத்தில், வாரக்கணக்கில், அந்த நாய் அதே இடத்தை நக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"நாய் என்றால் நக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. வெளியே போய்வந்து ஓரிரு நிமிடம் பாதத்தைச் சுத்தம் செய்துகொள்வது இயல்பு. தூக்கத்திலிருந்து எழுந்து நக்குவதும், கூப்பிட்டாலும் நிறுத்தாமல் நக்குவதும், முன்பற்களால் விரலிடுக்கைக் கொறிப்பதும் இயல்பு இல்லை. அரிப்பு என்றால் பின்னங்காலால் சொறிந்தாக வேண்டும் என்று நினைக்கிறோம். முகத்தை மிதியடியில் தேய்ப்பது, தலையை உதறிக்கொண்டே இருப்பது, காது அடிக்கடி புண்ணாவது எல்லாமே அரிப்பின் அடையாளங்களாக இருக்கலாம். அதட்டினால் உங்கள் எதிரில் நிறுத்தும். அப்புறம் கட்டிலுக்கடியில் போய்த் தொடரும். கழுத்தில் கூம்பு மாட்டினால் நக்க முடியாதே தவிர, அரிப்பு அப்படியேதான் இருக்கும். புண் ஆறும்வரை கூம்பு உதவும். அதை மட்டுமே வைத்தியமாக வைத்துக்கொள்வது அந்த உயிருக்குச் செய்கிற கொடுமை.

காரணத்துக்கு அவசரமாகப் பெயர் வைப்பது

இதில்தான் நான் பெரிதாகத் தவறினேன். எங்கள் வீட்டு லேப்ரடார் பாதத்தை நக்க ஆரம்பித்ததும் உணவு அலர்ஜி என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஆறு மாதத்தில் நான்கு தடவை தீனியை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் பத்து நாள் குறைந்ததுபோல் தெரியும், மறுபடி ஆரம்பிக்கும். கடைசியில் ஒரு கால்நடை மருத்துவர் வாலடியில் நெருக்கமான சீப்பால் வாரி, உதிர்ந்த கருந்துகள்களை ஈரமான வெள்ளைத்தாளில் தட்டினார். ஒரு நிமிடத்தில் துகள்களைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். அதாவது, பூச்சி உறிஞ்சிச் செரித்த என் நாயின் ரத்தம். அத்தனை நாளும் ஒரு பூச்சியைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. உண்ணி ஒட்டிக்கொண்டிருந்தால் தடவும்போது கையில் தட்டுப்படும். தெள்ளு முடிக்குள் ஓடி ஒளிந்துவிடும். அலர்ஜி உள்ள நாய் கடித்துக் கடித்துப் பூச்சியை விழுங்கிவிடுவதும் உண்டு.

தெள்ளுக்கடி அலர்ஜி அந்தப் பூச்சியின் உமிழ்நீரால் வருவது. உடம்பெல்லாம் பூச்சி இருக்கவேண்டியதில்லை, சில கடிகளே போதும். மருந்து வைத்தபின் எங்கள் நாயின் அரிப்பு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் வேறு என்று பிறகுதான் தெரிந்தது. இது முக்கியமான விஷயம்: ஒரே நாய்க்கு இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தே இருக்கலாம். வீட்டுத் தூசில் வாழும் சிற்றுண்ணியால் கொஞ்சம், தெள்ளால் கொஞ்சம், ஈஸ்ட் என்ற பூஞ்சையால் கொஞ்சம் என்று கூடி, தாங்கும் எல்லையைத் தாண்டும்போதுதான் நாய் நக்கத் தொடங்குகிறது. அதனால்தான் நல்ல மருத்துவர்கள் வரிசையாகப் போகிறார்கள். முதலில் பூச்சி, அடுத்து தோல்தொற்று, அதன்பின் உணவு. இவையெல்லாம் விலகிய பிறகுதான் தூசு, மகரந்தம் போன்ற சுற்றுப்புற ஒவ்வாமை. அந்த வரிசை மெதுவாகத் தெரியலாம். ஆனால் நடுவில் தாவினால் நான் செய்ததுபோல மாதங்கள் வீணாகும், அந்த மாதங்களை நாய்தான் அரிப்போடு கழிக்கும்.

சரி, பூச்சிக்கு மருந்து போட்டாயிற்று, ஆனாலும் நிற்கவில்லை என்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். வளர்ந்த பூச்சிகளாக நாயின்மேல் இருப்பது மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதி எல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் படுக்கையிலும் விரிப்பிலும் தரை இடுக்கிலும் இருக்கும். ஆகவே ஒரு தடவை மருந்து போட்டுவிட்டு "பூச்சி இல்லை, இது வேறு" என்று முடிவு செய்யக்கூடாது. குறைந்தது மூன்று மாதம், வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும், அந்தந்த விலங்குக்கு உரிய மருந்தை, இடைவெளி விடாமல் கொடுக்கவேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். பூனை செத்துப்போகும்.

காதோரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு இங்கெல்லாம் கடும் அரிப்பு இருந்து, வீட்டு மனிதர்களுக்கும் சிவந்த தடிப்பு வந்தால் சார்கோப்டிஸ் என்ற சொறிச் சிற்றுண்ணியைச் சந்தேகிக்கவேண்டும். தோலைச் சுரண்டிப் பார்த்தாலும் அது பலமுறை சிக்காது. மருத்துவர் சந்தேகத்தின் பேரிலேயே மருந்து தொடங்குவதில் தவறில்லை. டெமோடெக்ஸ் என்பது வேறொரு சிற்றுண்ணி. அது சில நாய்களில் பாதத்தை மட்டுமே தாக்கும். அதற்கு அலர்ஜி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் பரவும். எனவே அரிப்பை அடக்கும் ஊசிக்கு முன்னால் தோலைச் சுரண்டிப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஒரே ஒரு பாதத்தை மட்டும் நக்குகிறதா? அப்படியானால் அலர்ஜியை ஓரமாக வையுங்கள். முள், புல்லின் கூரான விதை, பிளந்த நகம், கட்டி, மூட்டுவலி இவற்றைத்தான் முதலில் தேடவேண்டும்.

வாடையை அலட்சியம் செய்வது

அலர்ஜி உள்ள தோலில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சுலபமாகப் பெருகும். மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லா நாய்த்தோலிலும் கொஞ்சம் இருப்பதுதான். அது பெருகும்போது புளித்த வாடை அடிக்கும், தோல் பிசுபிசுக்கும், நகத்தடியில் பழுப்பு அழுக்குப் படியும். விரலிடுக்கில் ஒட்டுநாடாவை ஒற்றி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த எளிய பரிசோதனையைச் செய்யாமல் அலர்ஜி மருந்தை மட்டும் கொடுத்து, "விலை உயர்ந்த மருந்தும் வேலை செய்யவில்லை" என்று சோர்ந்துபோகிறவர்கள் பலர். தொற்று இருக்கும்வரை அரிப்பு முழுதாக அடங்காது. போன வருடம் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுப்பதோ, புண் காய்ந்ததும் பாதியில் நிறுத்துவதோ கூடாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா அப்படித்தான் உருவாகிறது.

உணவைச் சோதிக்கும் விதம்

தீனிப் பையை மாற்றுவது உணவுச் சோதனை ஆகாது. நான்கு வகைத் தீனியிலும் கோழிக் கொழுப்பு இருந்தால் நான்கும் ஒன்றுதான். "இத்தனை வருடமாக இதைத்தானே சாப்பிடுகிறது" என்ற சமாதானமும் உதவாது. பலநாள் சாப்பிட்டுப் பழகிய பொருளுக்குத்தான் ஒவ்வாமை உருவாகிறது. தானியத்தின்மேல் பழிபோடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கோதுமையும் காரணமாவது உண்டு என்றாலும் மாட்டிறைச்சி, பால்பொருள், கோழி ஆகிய புரதங்களே அதிகம் பதிவாகியிருக்கின்றன.

முறையான சோதனை இப்படி: நாய் இதுவரை சாப்பிடாத ஒரு புரதம், அல்லது புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கும் ஹைட்ரோலைஸ்டு உணவு. குறைந்தது 8 வாரம், அது மட்டுமே. இரண்டாவது வாரத்தில் பலன் இல்லை என்று கைவிட்டால் சோதனையே நடக்கவில்லை என்றுதான் பொருள். இந்தச் சோதனை பெரும்பாலும் கெடுவது சின்னச் சின்ன விஷயங்களில்: குழந்தை கையிலிருந்து விழுந்த பிஸ்கட், மாத்திரையை ஒளித்துக்கொடுத்த பாலாடைக்கட்டி, இறைச்சி மணம் சேர்த்த பூச்சி மாத்திரை, மெல்லக் கொடுக்கும் எலும்பு. வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அரிப்பு குறைந்தால் அதோடு விட்டுவிடவும் கூடாது. பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கவேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் உறுதி. முடி, எச்சில், ரத்தம் அனுப்பி உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்கலாம் என்று விற்கப்படும் பரிசோதனைகள் நம்பத்தக்கவை அல்ல. மகரந்தம், தூசுக்கான ரத்தப் பரிசோதனை வேறு. அதுவும் நோயைக் கண்டறிய அல்ல. ஒவ்வாமை தரும் பொருளையே சிறுசிறு அளவில் செலுத்தி உடம்பைப் பழக்கும் ஒவ்வாமை ஊசிகளில் எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க.

அலமாரியில் இருப்பதையெல்லாம் தடவுவது

நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைவு. நம் ஷாம்பு அதற்குப் பொருந்தாது, குழந்தைகள் ஷாம்பும் அப்படியே. வெந்நீர் அரிப்பைக் கூட்டும். மருத்துவர் தந்த, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பு என்றாலும் போட்டவுடன் அலசினால் பயனில்லை. 10 நிமிடம் தோலில் இருக்கவேண்டும். வெளியே போய்வந்ததும் வெறும் தண்ணீரில் பாதத்தை அலசுவது நல்ல பழக்கம், ஒட்டிய மகரந்தம் போய்விடும். ஆனால் ஈரத்தோடு விட்டால் அந்த விரலிடுக்கே ஈஸ்ட்டுக்கு வீடாகும். ஒவ்வொரு இடுக்கிலும் துணியை விட்டு ஒற்றி உலர்த்துங்கள்.

புண்ணில் வினிகர் எரியும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஆறுகிற திசுவையே கெடுக்கும். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு. பாதத்தில் தடவும் எதுவும் வயிற்றுக்குள் போகும் என்பதை ஒருநாளும் மறக்காதீர்கள். ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தொடர்ந்து நக்கினால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். சோரியாசிஸுக்கு மனிதர் தடவும் கால்சிபோட்ரையால் களிம்பு சிறிதளவு போனாலும் உயிருக்கே ஆபத்து. உங்கள் கையில் தடவியிருந்தால் நாயை நக்கவிடாதீர்கள். நாம் சாப்பிடும் அலர்ஜி மாத்திரை நாய்களுக்குப் பெரிதாகப் பலன் தருவதில்லை. மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரையாக இருந்தால் அது விஷம்.

மருந்தை நிறுத்தும் அவசரம்

ஸ்டீராய்டு வேகமாக வேலை செய்யும். ஒரே நாளில் நாய் நிம்மதியாகத் தூங்கும். அதனாலேயே அரிக்கும்போதெல்லாம் ஊசி என்று ஆகிவிடுகிறது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஓயாத தாகம், அதிகச் சிறுநீர், அடங்காப் பசி, மெலியும் தோல் என்று விலை கொடுக்கவேண்டிவரும். பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, ஏனென்றால் நீண்டநாள் வாங்கிய உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பைக் குறைத்துவைத்திருக்கும். அளவைப் படிப்படியாகத்தான் இறக்கவேண்டும். குறுகிய காலத்துக்கு, சரியான அளவில் கொடுத்தால் அது நல்ல மருந்தே.

இப்போது வேறு வழிகளும் உண்டு. ஓக்லாசிட்டினிப் மாத்திரை ஒரு நாளுக்குள் அரிப்பைக் குறைக்கக்கூடியது. ஒரு வயது ஆகாத நாய்க்குக் கூடாது. லோகிவெட்மேப் ஊசி அரிப்பைத் தூண்டும் ஒரு புரதத்தைக் கட்டிப்போடும், பல நாய்களுக்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ தாங்கும். உடம்பின் மிகையான எதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து பலன் காட்ட 4 முதல் 6 வாரம் ஆகும். ஒவ்வாமை ஊசிகளுக்கு ஓராண்டு வரை பொறுக்கவேண்டும். இந்தக் கால அளவு தெரியாமல், ஒரு வாரத்தில் மருத்துவரை மாற்றுகிறோம்.

சுற்றுப்புற ஒவ்வாமை பொதுவாக 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தொடங்கி ஆயுள் முழுக்க இருக்கும். குணமாகிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் நிறுத்தியதும் திரும்பினால், வைத்தியம் தோற்றதாக அர்த்தமில்லை. வைத்தியம் நின்றதுதான் காரணம்.

மருத்துவரிடம் போகும்முன் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். நாறுகிறதே என்று வெட்கப்பட்டு நாயைக் குளிப்பாட்டி, காதைத் துடைத்து அழைத்துப் போகிறோம். அவர் பார்க்கவேண்டிய ஈஸ்ட்டும் தெள்ளின் எச்சமும் அதோடு போய்விடுகின்றன. இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே குளிப்பாட்டாதீர்கள். எப்போது ஆரம்பித்தது, வருடம் முழுக்கவா அல்லது சில மாதங்கள் மட்டுமா, இதுவரை என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நக்கும்போது எடுத்த காணொளியோடு, அந்த வாடையோடே அழைத்துப் போங்கள். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் தாளும் வேண்டாம், காணொளியும் வேண்டாம். அந்த நிமிடமே கிளம்புங்கள்.